ரூனேயின் ராஜினாமா

மூன்று மணி காபி நேரம். ரூனே நீட்டிய கடிதத்தைப் படித்ததும் பிரிட்டா கையிலிருந்த பன்னைக் கீழே வைத்தாள். அந்தக் கார் தொழிற்சாலையின் ஊழியர் பிரிவுக்கு அவள் போன மாதம்தான் வந்திருந்தாள்.

"ராஜினாமாவா? மூடப்போற நம்ம கம்பெனிக்குப் பணம் கொடுக்கலாமான்னு நாளைக்குக் காலையில ஸ்டாக்ஹோம்ல ஓட்டெடுப்பு. அரசாங்கம் கைகொடுத்தா நாலாயிரம் பேர் பிழைப்போம். அதுக்குள்ள உங்களுக்கு என்ன அவசரம்?"

"இன்னைக்கே என்னை விடுவிச்சிடும்மா. மூணு மாச நோட்டீஸ் எல்லாம் வேண்டாம்."

"வேற வேலை கிடைச்சிடுச்சா?"

"இல்ல."

"அப்புறம்? வீடு பத்தி எரியுறப்ப பின்வாசல் வழியா ஓடுறீங்களா? நாடாளுமன்றக் குழுவுல ஒரே ஒரு ஓட்டுதான் குறையுதாம். கேட்டுக்கு வெளியே எல்லாரும் பனியில நின்னு கையெழுத்து வாங்கிட்டிருக்காங்க. முப்பத்தோரு வருஷம் வெல்டிங் பண்ணவர் நீங்க!"

"திட்டி முடிச்சாச்சா? கையெழுத்தைப் போடும்மா."

"வீட்டுல தெரியுமா?"

"தெரிஞ்சா விட மாட்டா."

பிரிட்டா பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டு, நகலை அவன் முகத்தைப் பார்க்காமலே நீட்டினாள்.

"போங்க. நல்லா இருங்க."

ரூனே நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அங்கேயே நின்று மனைவிக்குப் போன் செய்தான்.

"ஆனெலி, ஸ்டாக்ஹோம் போய்ச் சேர்ந்துட்டியா? கேளு. நாளைக்கு உங்க குழு ஓட்டெடுக்கும்போது, புருஷன் வேலை பாக்குற கம்பெனின்னு நீ எழுந்து வெளியே போக வேண்டியதில்ல. நான் இப்ப அங்க வேலை பாக்கல... அழாதே. உள்ளயே உக்காந்து கையைத் தூக்கு."