கைச்சக்கரம்

அணைக்கட்டின் கட்டுப்பாட்டு அறையில் நண்பகல் வெயில் மேசைவரை வந்து கிடக்கிறது. இன்று முதல் ஷட்டர்களைக் கணினியே திறந்து மூடும். அதற்கு நிரல் எழுதிய பொறியாளர் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதல் ஷட்டர் தானாக உயர, கால்வாயில் தண்ணீர் சீறிப் பாய்கிறது. "அப்பாடா!" என்று சிரிக்கிறாள். இருபது வருடமாக இங்கிருக்கும் ஆபரேட்டர் கைதட்டிவிட்டுக் கையெழுத்துக்கான கடைசித் தாளை நீட்டுகிறார். ஷட்டர்களைக் கையால் திறக்கும் பழைய சக்கரங்களைக் கழற்ற அனுமதி. அவள் பேனா நிற்கிறது.

"இது வேண்டாம்ணா. சக்கரம் இருக்கட்டும்."

"ஏன் மேடம், நீங்க எழுதினதுமேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

"நிறைய இருக்கு. எல்லாரும் இப்படியே நம்பிட்டா, நூறு வருஷம் கழிச்சு இதைக் கையால திறக்க யாருக்குத் தெரியும்? கீழ அத்தனை ஊர் இருக்கே."

"எனக்குத் தெரியும் மேடம். வாங்க, காட்டறேன்."

அணைமேல் போய் இரண்டாவது ஷட்டரின் சக்கரத்தை அவர் பிடித்துத் திருப்புகிறார். அசையவில்லை. எண்ணெய் விட்டு மறுபடி முயல்கிறார். அவர் முகம் சுருங்குகிறது.

"மோட்டார் சுவிட்ச் வந்ததுக்கப்புறம் இதைத் தொட்டே நாலு வருஷமாச்சு," என்கிறார் மெல்ல.

அவளும் கைகொடுக்கிறாள். இருவரும் மூச்சைப் பிடித்துத் தள்ள, சக்கரம் முனகிக்கொண்டு ஒரு விரற்கடை நகர்கிறது. ஷட்டருக்கு அடியில் நூலாகத் தண்ணீர் கசிகிறது. அறைக்குத் திரும்பி, துரு படிந்த கையாலேயே அவள் அந்தத் தாளில் எழுதுகிறாள்: 'கழற்ற வேண்டாம். மாதம் ஒருமுறை கையால் திறக்கவும்.'