சைக்கிள் ட்யூப்

மரிம்பா வாசிப்பவனுக்குச் சுகம் என்ற ஒன்று கூடவே கூடாது என்பதை குவாத்தமாலா தேசத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்துச் சொன்னவன் நான்.

கோல் உள்ளங்கையைக் கடிக்க வேண்டும். கடித்தால்தான் மரிம்பாவில் வரிசையாக அடுக்கிய மரக்கட்டை பாடும். கைக்கு இதம் தேடுகிறவன் தலையணை வாங்கிக்கொள்ளலாம்.

இதை மரிம்பா செய்யும் தோன் தெரேசோவின் பட்டறையிலேயே, அவர் செய்து தொங்கவிட்டிருந்த இருநூறு ஜோடிக் கோல்களுக்கு நடுவில் நின்று சொன்னேன். அவர் கொய்யாக் கம்பைச் சீவுவதை நிறுத்தவில்லை.

"எல்மெரு, நீ இன்ஜினியருக்குப் படிக்கிறதா உங்கம்மா சொன்னாங்க. நெசந்தானா?"

எங்கள் கல்லூரி மரிம்பா, ரீங்காரத்துக்காக அடிப்பெட்டிகளில் ஒட்டியிருந்த பழைய பன்றிக்குடல் சவ்வுகளை மாற்றுவதற்காக அவரிடம் வந்திருந்தது. நாலு மணிக்கு எங்கள் குழுவை நடத்தும் மாஸ்ட்ரோ அபுந்தியோ வருவார். எங்கள் ஏழு பேரையும் ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஷேலா நகரத் திருவிழா மேடையில் யார் நிற்பது, யார் கீழே நின்று கைதட்டுவது என்று அங்கேயே சொல்லிவிடுவார்.

அதனால் நிக்கானோர் புதுக்கோல் தேடிக்கொண்டிருந்தான்.

அவன் பேஸ், அடிச்சுரக்காரன். அகலக் கட்டைகள் இருக்கும் முனை அவனுடையது. மார்ச் மாதம் பைக்கிலிருந்து பள்ளத்தில் விழுந்தான். வலது கை முழுக்கச் சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

முதல் ஜோடியின் ரப்பர் தலை கெட்டி. கடன்காரன் கதவைத் தட்டியதுபோல் டக் என்றது.

இரண்டாவது பெரியது, மெத்தென்றது. தூம் என்று எழுந்த ஒலி அடிப்பெட்டிக்குள் இறங்கி, மெல்ல ரீங்கரித்து அடங்கியது. தோன் தெரேசோ தலையை ஆட்டினார்.

ஒலி சரி. ஆனால் கம்பு மெல்லியது, தலை கனம். நாலாவது அடியில் கோல் அவன் கையை விட்டு நழுவியது. கட்டையில் ஒரு முறை துள்ளி, தரையில் விழுந்து, என் காலடி வரை உருண்டு வந்தது.

மற்ற ஐந்து பேருக்கும் திடீரென்று பட்டறைக் கூரைமேல் ஆர்வம் வந்துவிட்டது.

"எறிஞ்சே வாசிச்சிடு. கைக்கு வேலை மிச்சம்," என்றேன்.

"நீ பொறுக்கிப் பொறுக்கிக் குடு. இன்னும் மிச்சம்," என்றான் சிரித்துக்கொண்டே. கோலை எடுக்கக் குனிந்தபோது அவன் சிரிக்கவில்லை.

தோன் தெரேசோ அதை வாங்கினார். பழைய சைக்கிள் ட்யூப் ஒன்றை நாடாவாக நறுக்கி, இரண்டு கோல்களின் பிடியிலும் இறுக்கிச் சுற்றினார். சோளக்கதிர் அளவுக்குத் தடித்தபிறகுதான் நிறுத்தினார்.

நிக்கானோர் பிடித்துப் பார்த்தான். அந்த இரண்டு விரல்களும் முழுக்க மடங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கனமும் உள்ளங்கைப் பக்கம் வந்திருந்தது. ஒரு வால்ட்ஸின் அடிச்சுரங்களைக் கடைசிவரை வாசித்தான். நழுவவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். "கன்னுக்குட்டிக்குப் பால் குடுக்கிற புட்டி மாதிரி இருக்கு," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நிக்கானோர் கைப்பிடியைப் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு ட்யூப்பின் முனையைத் தேடிப் பிரிக்க ஆரம்பித்தான்.

"ஏன்ப்பா?" என்றார் தோன் தெரேசோ.

"மாஸ்ட்ரோ ஷூ லேஸ் கலர் மாறினாலே கேக்குற ஆளு, தோன் தெரேசோ. இதைப் பாத்ததும் கையைக் காட்டுன்னுவாரு. அவரோட அக்கா மகன் என் பகுதியெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டுக் காத்திருக்கான்."

ஒரு கோலைப் பிரித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னுடைய இரண்டையும் தோன் தெரேசோவின் மேசைமேல் வைத்தேன்.

"இதுக்கும் சுத்துங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீ உச்ச சுரம் வாசிக்கிறவன். பிடி இவ்ளோ தடிச்சா கை ஓடாதேப்பா."

"ஓடாட்டி நடக்கட்டும்."

"டேய், வேணாம்டா," என்றான் நிக்கானோர்.

ஒருவன் செய்தால் குறை, இரண்டு பேர் செய்தால் நாகரிகம். இது என் இரண்டாவது கண்டுபிடிப்பு. இதை யாரிடமும் சொல்லவில்லை. அவன் பிரித்துப்போட்ட ட்யூப்பை எடுத்து அவன் கோலில் நானே திரும்பச் சுற்றினேன். தோன் தெரேசோ என்னுடையதைச் சுற்றினார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே மாஸ்ட்ரோ வந்துவிட்டார். ஷூக்களைப் பார்த்தார். சட்டைகளைப் பார்த்தார். பிறகு கைகள். நிக்கானோரின் கறுப்புப் பிடியில் பார்வை நின்றது. ஏதோ கேட்க வாயெடுத்தவர், வரிசையின் இந்த முனையில் என் கோலிலும் அதையே கண்டு என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எதுக்குடா இது? பைக்குல விழுந்தது அவன்தானே?"

"கைக்கு இதமா இருக்கு, மாஸ்ட்ரோ."

"இந்தக் காலத்துப் பசங்களோட நாகரிகம்," என்று தோன் தெரேசோவிடம் அலுத்துக்கொண்டு, தாளம் காட்டக் கையை உயர்த்தினார். நிக்கானோரிடம் எதுவும் கேட்கவில்லை.

அந்த பைக்கை அன்று ஓட்டியது நான் என்று நிக்கானோர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம்கூட.

மாஸ்ட்ரோவின் கை இறங்கியது. முதல் சுரத்துக்கே நான் பிந்திவிட்டேன். அந்த முனையில் அவனுடைய தூம் மட்டும் சரியான நேரத்துக்கு விழுந்தது.