வெளுக்காத சுண்ணாம்புத் தண்ணீர்

நிக்கோபாரில் எங்கள் தோட்டத்து ரப்பர் புகைக்கூடத்தின் எதிரே நிற்கும் மரத்தில் இலையெல்லாம் கரி. வெயில் படாத இலை உணவு ஆக்காது, துளை அடைத்தால் மூச்சும் விடாது என்று கங்காணியிடம் சொன்னேன்.

"மரத்துக்கு மூக்கு இருக்காம்! மெயின்லேண்டுல பி.எஸ்ஸி. படிச்ச புள்ள சொல்லுது."

மூச்சுக்காற்று பட்டால் சுண்ணாம்புத் தெளிநீர் வெளுக்கும். இரண்டு புட்டிகளில் ஊற்றி, மேலே இலைகளைத் தொங்கவிட்டு, இருட்டில் மூடிவைத்தேன். கழுவிய இலையின் புட்டி வெளுத்தது. கரி இலையின் புட்டி வெளுக்கவில்லை.

"அப்போ சிலோன்ல இருந்து வந்த நாள்லேருந்து புகைக்கூடத்துக்குள்ள நிக்கிற எங்கம்மா?" என்று கங்காணியிடம் கத்தினேன். அம்மாவைக் கூப்பிட்டு, பப்பாளித் தண்டால் மூன்றாவது புட்டியில் ஊதச் சொன்னேன்.

மூன்று முறை ஊதினாள். குமிழி வந்தது. தண்ணீர் வெளுக்கவில்லை.

"ஆச்சா புள்ள? வேல கெடக்கு" என்று புகைக்குள் போனாள்.

கங்காணி புட்டியை வெயிலில் தூக்கிப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

"பிந்திட்டா. இன்னைக்கு அரைநாள்தான்" என்று கூலிப் பதிவேட்டில் அம்மாவுக்கு அரைப்பேர் போட்டான்.