சாக்குக்கு அடியில் இருந்தது

டங்.

மோட்டார் சைக்கிளை நிறுத்திய பிறகுதான் அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்து. குழாயடியிலிருந்து.

டங்.

பித்தளை சிமிண்டில் மோதுகிற சத்தம். ஜப்பான்காரன் காலத்துப் பீரங்கிக் குண்டுகளை வருடக்கணக்காகத் தேடித் தேடிச் சேர்க்கிற மனிதருக்கு அது தெரியாதா?

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார்.

கூடத்துக் கண்ணாடி அலமாரி காலி.

பின்வாசலுக்குப் போனார். அவருடைய குண்டுகள் அத்தனையும் வெயிலில் வரிசையாக நின்றன. எல்லாம் என்றோ சுட்டு முடித்த வெறும் கூடுகள். புளி போட்டுத் தேய்த்ததில் குத்துவிளக்கு மாதிரி மின்னின. ஒவ்வொன்றிலும் சந்தனம் தடவி, நடுவில் குங்குமப் பொட்டு.

ஆயுத பூசை.

மறந்தே போயிருந்தார்.

அவர் மனைவி குழாயடியில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிண்ணத்தில் புளி, ஒரு கை தேங்காய் நார். கையில் இருந்தது மட்டும் கூடு இல்லை.

முழுக் குண்டு. கூடும் தலையும் சேர்ந்து, மண் அப்பிப்போய்.

எதையும் விட்டுவிடக் கூடாது என்று தேடியிருக்கிறாள். குளியலறைக்குப் பின்னால், சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்ததையும் எடுத்து வந்துவிட்டாள்.

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

அந்த யுத்தத்தில் ஜப்பான் டாங்கிகள் புகுந்து வந்த சிலிம் ரிவர் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் கால்வாய் தோண்டும்போது கிடைத்தது அது. தோண்டிய சன்னாசி அவருடைய சிநேகிதன். ஜப்பான் டாங்கி சுடுகிற குண்டு என்று பார்த்தவுடனே தெரிந்தது. வெடிக்குமா வெடிக்காதா என்பது தெரியவில்லை. போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பது நன்றாகவே தெரியும். சொன்னால் எடுத்துப்போய்க் குழியில் போட்டு வெடிக்க வைத்துவிடுவார்கள். முழுசாக ஒன்று அவர் கைக்கு வந்ததே இல்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று சாக்குக்கு அடியிலேயே வைத்துக்கொண்டார்.

ஆசை. வேறென்ன சொல்ல?

டங்.

மண்ணை உதிர்க்கிறாளாம்.

கத்தவும் முடியாது. கத்தினால் திடுக்கிட்டுக் கீழே போட்டுவிடுவாள். அதுவும் சிமிண்டுத் தரையில்.

இருவரும் பேசியும் நாளாகிவிட்டது. மகள் கைக்குழந்தையோடு தீபாவளிக்கு வருகிறாள், தவழ்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தச் சனியன்கள் எதற்கு என்று மனைவி கேட்டாள். அவர் குரலை உயர்த்தினார். அதோடு நின்ற பேச்சு. முதலில் வாய் திறக்கிறவர் தோற்றவர். அந்த வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதில் அவருடைய சனியன்களை எல்லாம் கழுவிப் பொட்டு வைத்திருக்கிறாள்.

அவர் மெல்லக் கிட்டே போனார்.

"மெதுவா கீழ வை."

அவள் நிமிரவில்லை. உதட்டோரம் ஒரு சிரிப்பு மட்டும் வந்தது. ஜெயித்துவிட்டாள் அல்லவா!

ஓங்கி ஒரு தட்டு.

டங்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தார். மண் கட்டி கட்டியாக உதிர்ந்து கிடந்தது. குண்டின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இது என்னங்க, சுத்தியும் ஓட்ட?"

வட்ட வட்டமாக, கருவி வைத்துப் போட்ட ஓட்டைகள். இத்தனை காலம் மண் அடைத்திருந்திருக்கிறது. உள்ளேயும் வெறும் மண்தான். அதுதான் அத்தனை கனம். அவள் நாரால் தலையை அழுத்தித் தேய்த்தாள். கறுப்புச் சாயம் உரிந்தது.

அடியில் மரம்.

மரக்கட்டை!

புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களுக்குப் பீரங்கியில் குண்டு திணிக்கப் பழக்குவதற்காகச் செய்த பொம்மை அது. வெடிமருந்தே வைக்காத பொம்மை.

அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது. அதோடு அழுகையும் வந்தது. கடவுளே, கடவுளே என்று வாய் தானாக முணுமுணுத்தது.

அவள் பயந்துபோனாள். இந்த மனிதர் அழுது அவள் பார்த்ததில்லை. ஓட்டையை ஒரு தரம் பார்த்தாள், அவரை ஒரு தரம் பார்த்தாள். பாவம், ஆசை ஆசையாக மறைத்து வைத்தது போலியாகப் போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. ஈரக் கையால் அவர் தோளைத் தொட்டாள்.

"விடுங்க. இது போனா என்ன, நல்லதா ஒண்ணு கெடைக்காமலா போயிடும்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை நிற்காமலே சிரித்தார். அவளும் எதற்கென்று தெரியாமல் சிரித்துவிட்டு, குண்டை மடியில் போட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

சட்டைப்பையில் கைபேசி அடித்தது.

சன்னாசி. அதே கால்வாயில் இன்னொன்று வந்திருக்கிறதாம். அச்சு அசல் அதே மாதிரி. சாயங்காலம் லாரியில் போட்டு எடுத்து வரட்டுமா என்று கேட்டான்.

அவர் அவள் கைகளைப் பார்த்தார். புளியும் சேறுமாக இருந்தன.

"அதே மாதிரியா? தொடாத. யாரையும் கிட்ட விடாத. வெடிச்சாலும் வெடிக்கும். போலீசுக்கு நானே போன் பண்றேன்."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

அவள் அவரைப் பார்த்தாள். கழற்றாத செருப்பைப் பார்த்தாள். ஈரத் தரையில் அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தாள்.

பிறகு குனிந்து மடியைப் பார்த்தாள்.

இரண்டு கையாலும் அதைத் தூக்கி, மெதுவாக, மிக மெதுவாக, கீழே வைத்தாள்.