இடத்தோள்

கோவர்த்தனன் இடத்தோளைத் தண்டுக்கு அடியில் கொடுத்தான்.

பல்லக்கு இன்னும் முக்காலிகள் மேல்தான் இருந்தது. பாரம் ஏறவில்லை.

தண்டுக்கு அந்தப் பக்கம் அண்ணன் நாராயணசாமி. அவர் வலத்தோளில் தாங்குகிறவர். இரண்டு பேரும் பேசிப் பல காலம் ஆகிறது. இப்போதும் அவர் நேராகத் தெருவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

முன்தண்டில் நிற்கிற இருவரும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெருமாள் கோணிக்கொண்டு வருவார். அண்ணனோடு ஜோடியாக நின்ற திருமலை, எல்லை பிரித்துத் திருத்தணி மதராஸ் பக்கம் போனதும், மாமனார் ஊர் என்று குடும்பத்தோடு அங்கே போய்விட்டார். அண்ணனின் உயரத்தில் நகரியில் மிச்சம் இருந்தது தம்பி ஒருவன்தான்.

போன வருஷம் முதல் தடவையாக அவன் நின்றான்.

நெசவுக்காரனுக்கு வலக்கை வேறு, இடக்கை வேறு. நாடா ஓட, நாள் முழுக்கக் கயிறு இழுக்கிற வலக்கை திரண்டுகொள்ளும். இடத்தோளில் சதை ஏறுவதில்லை. கிழக்குத் தெரு முனையில் பல்லக்கு வலப்பக்கம் திரும்பும்போது பாரம் மொத்தமும் அவன் மேல் வந்து உட்கார்ந்தது. தோள் இறங்கிவிட்டது.

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பேர் பாரத்தையும் தாங்கினார். 

பல்லக்கை இறக்கியதும் தர்மகர்த்தா உமாபதி அவனிடம் வந்தார்.

"அடுத்த வருசமும் இதே கததான்னா ஜோடியையே மாத்திடுவேன். ஒங்க நைனா நின்ன எடம்னு பாத்துக்கினு இருக்க முடியாது."

ஜோடி என்றால் இருவரும். தன் தோளுக்காக அண்ணனும் தண்டை விட்டு இறங்க வேண்டும் என்பது வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கோவர்த்தனனுக்கு உறைத்துவிட்டது.

பயில்வான்கள் வைத்திருக்கிற எதுவும் அவனிடம் இல்லை. புழக்கடையில் ஒரு கல் கிடந்தது.

பாகத்தில் வந்த கல். மதராஸா ஆந்திராவா என்று ஜில்லாவே இரண்டாக நின்றபோது இவர்கள் வீடும் நின்றது. தம்பி மதராஸ் கட்சி. மகன் சித்தூர் ஆபீசில் தெலுங்கில் எழுதித்தான் பிழைக்கிறான், இருக்கிற இடத்திலேயே இருப்போம் என்றார் அண்ணன். வாய்ச்சண்டை பாகப்பிரிவினையில் போய் முடிந்தது. கடைசியில் நகரி எங்கும் போகவில்லை. வீட்டுக்கு நடுவில் மட்டும் ஒரு சுவர் வந்தது.

அன்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கியதில் எதற்கும் உதவாமல் கிடந்தது அந்தக் கல்தான்.

விடிந்ததும் அதை இடத்தோளில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து எழுவான். பிறகு கயிறு கட்டி, கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி இடக்கையாலேயே மேலே இழுப்பான். முதலில் தோல் வழன்றது. கந்தைத் துணியைச் சும்மாடாக மடித்து வைத்துக்கொண்டான். அவித்த கொள்ளு தின்றான். கை நடுங்காமல் தறியில் உட்கார முடிந்த நாளில், கல்லோடு ஒரு செங்கல்லையும் சேர்த்துக் கட்டினான்.

அவன் மனைவி தாட்சாயணி பல் விளக்கிக்கொண்டே பார்ப்பாள்.

"இன்னாய்யா, எந்த ஊரு பயில்வானோட மல்லுக்கு நிக்கப் போற? அதது இருக்க வேண்டிய எடத்துல இருந்தா நானாவது வாய்க்கு ருசியா எதுனா துன்னுவேன்."

அவன் சும்மாட்டைச் சரிசெய்துகொள்வான். கல்லைக் கீழே போடும்போது தொம்மென்று சத்தம் எழும். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிற அண்ணனின் இருமல் அப்படியே நிற்கும். கொஞ்ச நேரம் எதுவும் கேட்காது. பிறகு மறுபடி இருமல் எழும்.

அந்த மௌனம் அவனுக்குப் பழகிப்போயிற்று. சில நாள் அதற்காகவே கல்லை இன்னொரு தடவை தூக்கிப் போட்டான்.

"எத்தண்டி!" பின்தண்டிலிருந்து தெலுங்கில் குரல் வந்தது.

தூக்கினார்கள்.

பாரம் இறங்கியது. தோளில் உட்கார்ந்தது. அங்கேயே இருந்தது.

கோவர்த்தனன் மூச்சை விடாமல் நடந்தான். அண்ணனின் கால் எடுத்து வைக்கிறபோது அவன் காலும் எடுத்து வைத்தது. தெருவில் கற்பூரத் தட்டுகள் வந்து வந்து போயின. உமாபதி முன்னால் பின்பக்கமாக நடந்தபடி அவன் தோளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கிழக்குத் தெரு முனை.

பல்லக்கு வலப்பக்கம் திரும்பியது. பாரம் மொத்தமும் சரிந்து அவன் பக்கம் வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். தோள் சதை இறுகி, கல்லை ஏந்துகிற மாதிரியே தண்டை ஏந்தியது.

கண்ணைத் திறந்தபோது தெரு நேராகிவிட்டிருந்தது. பெருமாள் நேராக இருந்தார். உமாபதி திரும்பி முன்னே பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார்.

தண்டுக்கு அந்தப் பக்கத்தில் தொண்டையைச் செருமுகிற சத்தம்.

"டேய்," என்றார் நாராயணசாமி, தெருவைப் பார்த்தபடியே. "காத்தால அந்தக் கல்ல எடுத்துக்கினு நம்ம ஊட்டாண்ட வா. ஒங்க அண்ணி அரிசியும் உளுந்தும் ஊற வெச்சிட்டுதான் கோயிலுக்கே வந்திருக்கா."

கோவர்த்தனன் தலையை ஆட்டினான். தண்டு மறைத்தது. அவருக்குத் தெரிந்திருக்காது.

பாகம் பிரித்த அன்று இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டுக்கல் சுவருக்கு அந்தப் பக்கம் போனது. குழவி இந்தப் பக்கம் வந்தது.