யாரும் அசையக்கூடாது

உள்ளூர் அணியோடு பயிற்சி ஆட்டம். தேசிய இளைஞர் அணிக்கு இன்னும் இருபது ரன் தேவை. களத்தில் கடைசி ஜோடி.

“முடியுற வரைக்கும் ஒருத்தனும் இருந்த எடத்தை விட்டு அசையக்கூடாது!” என்றார் கோச். அசைந்தால் விக்கெட் போய்விடும். டிரெஸ்ஸிங் ரூமில் அதுதான் சட்டம்.

அந்த நேரம் பார்த்து, பூத்துவாலையை முக்காடு போட்டு முகத்தைத் துடைத்தபடி பாத்ரூமிலிருந்து ஒருவன் வந்தான். மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவனை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார் கோச். அடுத்த பந்தே சிக்ஸர்!

“சார், நான் போகணும்...”

“ராசிக்காரன்டா நீ! வாயை மூடிட்டு உக்காரு.”

அவன் லேசாக எழுந்தான். பந்து மட்டையின் விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்கு மேலே பறந்தது.

“உக்காருடா!” என்று திரும்பிப் பார்க்காமலே மொத்த அறையும் கத்தியது.

ஒருவழியாக வெற்றி! கோச் அவனைக் கட்டிப்பிடித்தார். துவாலை நழுவியது. எதிரணியின் முதன்மைப் பந்துவீச்சாளன்!

“தம்பி, நீ எப்படி இங்க?”

“எங்க பாத்ரூம்ல தண்ணி வரல சார். அவசரத்துக்கு எனக்குப் பதிலா ஒருத்தனை நிறுத்திட்டு ஓடி வந்தேன். அவன் ஃபீல்டிங்தான் பண்ணலாம், பவுலிங் போட முடியாது.”

“அப்ப எந்திரிச்சுப் போயிருக்க வேண்டியதுதானே?”

“கோச் ஒண்ணு சொன்னா மறுபேச்சு பேசக்கூடாதுன்னு எங்க கோச் சொல்லியிருக்காரு சார்.”