சிக்காத விதை

"மாப்பிள்ளை, உங்க மெஷின் விதைச்ச பக்கம் ஒண்ணுகூட முளைக்கல. நான் என் விதையைக் கையால போட்ட பக்கம் பச்சைப்பசேல்னு நிக்குது."

மனைவியின் அண்ணன் போனில் சொன்னதும் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிறு விவசாயிகளுக்காக, பேட்டரியில் ஓடும் அந்த விதைப்பு இயந்திரத்தை வடிவமைக்க அவன் பார்த்த வேலையையே விட்டிருந்தான். வாசலில் இப்போது விற்பனைக்கான முதல் இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"தோண்டிப் பாத்தீங்களா மச்சான்?"

"பாத்தேன். ஆழம் சரி, இடைவெளி சரி. நூல் பிடிச்ச மாதிரி வரிசையா கிடக்கு. உயிர்தான் இல்ல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவியின் முகம் வெளிறியிருந்தது.

"என்னங்க, வயலுக்கு எந்த டின்ல இருந்து மக்காச்சோளம் எடுத்துட்டுப் போனீங்க?"

"ஹால்ல ஓட்டிப் பாத்த அதே டின்தான். ஏன்?"

"ஐயோ, அது வறுத்ததுங்க!"

"வறுத்ததா?"

"விதையில ஈரம், மெஷின் தட்டுல சிக்குதுன்னு முதல் நாள் ஸ்பேனரைத் தூக்கி எறிஞ்சீங்களே. வீட்ல ஓட்டிப் பாக்கத்தானேன்னு லேசா வறுத்து வச்சேன். அதுக்கப்புறம் நீங்க கத்தவே இல்லையே."

அன்று ஒரு ஸ்க்ரூவை இறுக்கியதில் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அவன் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

"அப்போ, வறுக்காத விதையைப் போட்டு..."

"அதுக்கப்புறம் ஓட்டினதே இல்லைங்க."

வாசலில் இருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"சார், எல்லா மெஷினும் ஏத்தியாச்சு. வண்டியை எடுக்கட்டுமா?"